வெறும் வயிற்றில் 84, குளுக்கோஸ் குடித்த பின் 156: எந்த அளவை நம்புவது?

பொருநைக்கரையாள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. இது முதல் கர்ப்பம். இப்போது 27ஆவது வாரம் நடக்கிறது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தபோது, அதாவது பன்னிரண்டாவது வாரத்தில், குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். அப்போது 118 என்று வந்தது. சென்ற வாரம் அதே சோதனையை மறுபடியும் செய்தபோது 156 என்று வந்துவிட்டது. அட்டையில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாட்டோடு இருந்து பார்க்கலாம், அதற்குள் அடங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும் என்று மருத்துவர் சொன்னார்.

மனம் ஒப்பாமல் வெளியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் பரிசோதித்தோம். வெறும் வயிற்றில் 84, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.2 விழுக்காடு. இரண்டும் இயல்பு என்று தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் மாமியார், "அன்றைக்கு நீ காலையில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தானே போனாய், அதனால்தான் கூடக் காட்டியிருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சி இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும், பத்தியம் கித்தியம் என்று வயிற்றைக் காயப்போடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அக்கறையில் சொல்வதால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

அப்பாவின் குளுக்கோமீட்டரை வாங்கி வந்து நேற்று நானே பார்த்தேன். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 148. மதியச் சோற்றுக்குப் பின் 117. இரவு இரண்டு தோசைக்குப் பின் 119. உண்மையில் எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால், மதியம் அவ்வளவு சோறு சாப்பிட்டும் ஏறாதது இட்லிக்கு ஏன் ஏறுகிறது? இன்சுலின் போட்டால் அது குழந்தைக்குப் போகாதா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குழாயும் ஊசியும் (பதில்):

சகோதரி, நான் பதினெட்டு ஆண்டுகளாக ஆய்வக நுட்புநராக வேலை பார்க்கிறேன். உணவைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்குச் சுகாதார நிலையத்தில் செய்தது, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் செய்யத்தக்க வகையில் அமைத்த சோதனைதான். 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். குடித்த இரண்டு மணி நேரத்தில் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்ள வேண்டும். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவருடன் பணியாற்றியவர்களும் வலியுறுத்தி வந்த முறை இது. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று 2007 ஆம் ஆண்டிலேயே அரசு ஆணையிட்டது, பின்னர் நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளிலும் இதுவே இடம்பெற்றது. முதல் பேருந்தைப் பிடித்து வரும் ஒரு கர்ப்பிணியை, இன்று சாப்பிட்டுவிட்டாய், நாளை வெறும் வயிற்றோடு வா என்று திருப்பி அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள் என்ற நடைமுறை அறிவும் இதன் பின்னால் இருக்கிறது. சர்க்கரையைச் சமாளிக்கும் உடலாக இருந்தால், முன்னால் சாப்பிட்ட பொங்கலையும் சேர்த்தே சமாளித்துவிடும் என்பதுதான் அடிப்படை.

சாப்பிடாமல் வரச் சொல்லிச் செய்யும் பன்னாட்டு முறையும் ஒன்று உண்டு. அதில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலே நோய் என்பது கணக்கு. உங்களுடைய 156 அந்த 153 என்ற கோட்டையும் தாண்டி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மூன்று மாதச் சராசரியைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைய வேண்டாம். கர்ப்பக் காலத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால் அந்த எண் குறைவாகவே காட்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது வேறு விதமாகக் குழப்பும். அது தவறான சோதனை அல்ல, உங்கள் கேள்விக்கு விடை சொல்லாத சோதனை. வெறும் வயிற்று அளவும் அப்படித்தான். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு அது கடைசி வரை இயல்பாகவே இருக்கும். ஏறுவதெல்லாம் சாப்பாட்டுக்குப் பின்புதான்.

இன்னொன்று: ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் எடுத்து மணிக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருந்தால், குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு ஐந்து ஆறு விழுக்காடு வரை அளவைக் குறைத்துவிடும். அதற்காகத்தான் சாம்பல் நிற மூடி போட்ட, ஃபுளோரைடு சேர்த்த குழாய் இருக்கிறது. வெளியூருக்கு மாதிரியை அனுப்பும் சிறிய சேகரிப்பு நிலையங்களில் சோதித்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தவறில்லை.

ஓய்வு பெற்ற செவிலி (பதில்):

அன்பு மகளுக்கு, உன் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் சாப்பாடு போதாமல் எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத்தான் கண்டிருப்பார். ஆனால் இரண்டு உயிருக்கு என்றால் இரண்டு மடங்கு என்று பொருளில்லை. நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கிலோ கலோரிதான். ஒரு தம்ளர் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கை நிரப்பிவிடும். அவரிடம் இதைச் சொல், ஒத்துக்கொள்வார்.

பன்னிரண்டாவது வாரத்தில் 118 ஆக இருந்தது 26ஆவது வாரத்தில் 156 ஆனது ஏன் என்பது முதலில் புரிய வேண்டும். நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குத் தடையில்லாமல் சர்க்கரை கிடைக்க வேண்டும் என்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடுகிறது, சிலருடைய கணையத்தால் அவ்வளவு முடிவதில்லை. அதனால்தான் முதல் சோதனை இயல்பாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இரண்டாம் முறையும் செய்யச் சொல்கிறார்கள். நீ பொங்கல் சாப்பிட்டதும் இதற்குக் காரணமில்லை, மசக்கையின்போது மாம்பழம் தின்றதும் காரணமில்லை.

தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் தாண்டாது. எனவே உனக்கு ஏறும்போதெல்லாம் குழந்தைக்கும் ஏறுகிறது, அதைச் சமாளிக்க அந்தச் சின்னஞ்சிறு கணையம் தன் இன்சுலினைக் கொட்டுகிறது, அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக்கித் தோளிலும் வயிற்றிலும் சேர்க்கிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த மருத்துவர் பெடர்சன் 1950களிலேயே இதை எழுதிவிட்டார். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்ட பிரசவங்களில் நான் நின்றிருக்கிறேன்; அந்த இரண்டு மூன்று நிமிடங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும். உன்னைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு வாரப் பத்தியத்தை ஏன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட ஆய்விலும், இந்த எண்ணுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க கோடு எதுவும் தென்படவில்லை. சர்க்கரை கூடக் கூட ஆபத்தும் சீராகக் கூடிக்கொண்டே போனது. ஆகவே நோயா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட எண்ணைக் கீழே இறக்குவதுதான் வேலை.

இனி உன் இட்லிக் கேள்விக்கு வருகிறேன், நீ கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். விடியற்காலையில் உடலில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுதலாக இருப்பதால், இன்சுலின் மிகவும் மந்தமாக வேலை செய்வது காலை நேரத்தில்தான். அதே அளவு மாவுச்சத்து மதியம் ஏற்றாததைக் காலையில் ஏற்றிவிடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எட்டு மணிக்கு நான்கு இட்லி சாப்பிடுவதற்குப் பதிலாக எட்டு மணிக்கு இரண்டும், பத்து மணி ரத்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு மீதி இரண்டும் சாப்பிடு. மொத்தத்தில் ஓர் இட்லிகூடக் குறையவில்லை; ஆனால் அளவு இருபது முப்பது புள்ளி வரை இறங்குவதைக் காணலாம். தேங்காய்ச் சட்னியோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாமல், காய் நிறையப் போட்ட கெட்டிச் சாம்பாரோ, வேகவைத்த முட்டையோ, ஒரு கைப்பிடிப் பாசிப்பயறோ சேர்த்துக்கொண்டால் ஏற்றம் இன்னும் மெதுவாகும். சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் முற்றத்திலேயே நட.

கேழ்வரகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் ஏறும். உன் மீட்டரிலேயே ஒரு நாள் பார்த்துக்கொள். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டால் ஆகாதா என்பார்கள். மணம் வேறு, குளுக்கோஸ் ஒன்றுதான். அதேபோலப் பயந்துகொண்டு இரவு சாப்பிடாமல் படுப்பதும் கூடாது. கர்ப்பிணி பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாகும், அதுவும் குழந்தைக்கு நல்லதல்ல. மூன்று வேளைச் சாப்பாடு, இடையிடையே சிற்றுணவு, படுக்கும் முன் ஒரு தம்ளர் பால் என்று நாளைப் பிரித்துக்கொள்.

நீ எட்ட வேண்டிய இலக்கு, வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே. உன் மதிய அளவும் இரவு அளவும் விளிம்பில் இருந்தாலும் உள்ளேதான் இருக்கின்றன. காலை மட்டும்தான் பாக்கி.

இருமுறை தாய் (பதில்):

செவிலி அம்மா சொன்னதற்கு மேல் உணவைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. இன்சுலினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதைப் போட்டுக்கொண்டவள்.

இரண்டாவது கர்ப்பத்தில் 30ஆவது வாரத்தில் எனக்கு இன்சுலின் தொடங்கினார்கள். பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை என்பதற்கான தண்டனை போல அன்று அழுதேன். பிறகுதான் புரிந்தது: நஞ்சுக்கொடி பெரிதாகிக்கொண்டே போகும்போது, நான் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் என் கணையத்தால் முடியாமல் போகலாம். குழந்தைக்குப் போகாது என்பதுதான் இன்சுலினின் நல்ல குணமே. மெட்ஃபார்மின் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டும். அதையும் மருத்துவர்கள் ஆராய்ந்துதான் கொடுக்கிறார்கள், ஆனால் மாத்திரை மென்மையானது, ஊசி கொடுமையானது என்று நாம் மனத்துக்குள் போட்டுவைத்திருக்கும் வரிசை மருத்துவத்தில் இல்லை. முன்பே சர்க்கரை நோய் இருந்தவர்களைப் போல வாழ்நாள் முழுவதும் போட வேண்டியதும் இல்லை. எனக்குப் பிரசவத்துக்கு மறுநாளிலிருந்தே ஊசி தேவைப்படவில்லை.

ஒரு தவறை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள். எனக்கு எழுதித் தந்தது புட்டி மருந்து. அதன் மேல் 40 என்று போட்டிருந்தது, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். எங்கள் தெரு மருந்துக்கடையில் அவசரத்தில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் ஊசிக்குழலைக் கொடுத்துவிட்டார்கள். நான் பத்தாவது கோடு வரை இழுத்துப் பத்து யூனிட் என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போனது நான்கு யூனிட்தான். ஒரு வாரமாகச் சர்க்கரை இறங்காமல், அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மருத்துவர் ஊசிக்குழலை எடுத்து வரச் சொல்லிப் பார்த்ததால் தெரிந்தது. 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல்தான். இதுவே மாறிப்போய், 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும், நினைத்தாலே பகீரென்கிறது.

கைகால் நடுங்கி, வியர்த்து, திடீரென்று அடங்காத பசி எடுத்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், கால் மணி நேரத்தில் ஏதாவது சாப்பிட வேண்டும். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லையென்றால் பாதி தண்ணீர் நிரப்பிய மண்பானைக்குள் மருந்துப் புட்டியை நனையாமல் வைக்கலாம். என் தங்கை கோடையில் அப்படித்தான் வைத்திருந்தாள். உறைபெட்டிக்குள் மட்டும் வைக்கக் கூடாது.

பொருநைக்கரையாள்:

மூவருக்கும் என் நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். இட்லியை இரண்டிரண்டாகப் பிரித்த முதல் நாளே காலை அளவு 126க்கு வந்தது. சாம்பாரும் முட்டையும் சேர்த்து, சாப்பிட்டவுடன் மாடிப்படி வரை நடந்து பழகிய பிறகு 118, 114, 119 என்று நிற்கிறது. ஐந்தாம் நாள் மட்டும் 171 காட்டியது. அழுகை வந்துவிட்டது. பிறகுதான், மாமனாருக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரலைக் குத்தியது நினைவுக்கு வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, உலரவிட்டு, வேறு விரலில் பார்த்தபோது 112. அன்றிலிருந்து மாமியாரே, "கையைக் கழுவினாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீட்டரை எடுத்துத் தருகிறார்.

மருத்துவர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மருந்து வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். இன்னும் இரண்டு கேள்விகள் பாக்கி. அடுத்த மாதம் வளைகாப்பு; ஏழு வகைச் சோறும் இனிப்பும் ஊட்டுவார்கள், அன்று என்ன செய்வது? பிள்ளை பிறந்த பிறகு இது போய்விடும் என்கிறார்களே, அப்படியே மறந்துவிடலாமா?

ஓய்வு பெற்ற செவிலி:

மகிழ்ச்சி, மகளே. இன்சுலின் தேவையில்லை என்பதை இப்போதே முடிவாக எடுத்துக்கொள்ளாதே; ஒன்பதாம் மாதத் தொடக்கம் வரை நஞ்சுக்கொடியின் பிடி இறுகிக்கொண்டேதான் போகும். 32ஆவது வாரத்தில் அதே இரண்டு இட்லிக்கு 130 வந்தால், நீ தவறு செய்துவிட்டாய் என்று நினைக்காமல் மருத்துவரிடம் போ. குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி ஏதேனும் போட நேர்ந்தால் மூன்று நாளைக்குச் சர்க்கரை துள்ளும்; அப்போது அடிக்கடி பார்க்கச் சொல்வார்கள்.

வளைகாப்பன்று ஊட்ட வருகிறவர்களின் கையைத் தடுக்க வேண்டாம். ஒவ்வொரு சோற்றிலும் ஒரு சிட்டிகை வாங்கிக்கொள், ஏழும் சேர்ந்து ஒரு கரண்டிதான் வரும். அதையே அந்த வேளைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதிக்கொள். சர்க்கரைப் பொங்கலை நாக்கில் தொட்டுக்கொண்டால் போதும். வந்தவர்களை வழியனுப்பும் சாக்கில் தெருமுனை வரை நடந்துவிட்டு வா.

பிரசவத்தைப் பற்றி: சர்க்கரை அடங்கியிருந்து, குழந்தையின் எடையும் அளவாக இருந்தால் 39 வாரம் நிறைவதற்கு முன் அவசரப்பட்டு வலி வரவழைக்கத் தேவையில்லை என்பதே நடைமுறை. நாலு கிலோவைத் தாண்டும் என்று ஸ்கேனில் தெரிந்தால் அறுவைச் சிகிச்சை குறித்துப் பேசுவார்கள். தினமும் சாப்பிட்ட பிறகு ஒருக்களித்துப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ணு. அசைவு குறைவாகத் தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்காதே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். உன்னிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோன பிறகும் அதன் கணையம் பழைய வேகத்திலேயே சுரந்துகொண்டிருக்கும் என்பதால் திடீரென்று இறங்கிவிடலாம். முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுத்துவிடு. நாக்கில் தேன் தடவுகிறேன், சேனை வைக்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதே, மாமியாராகவே இருந்தாலும்.

நஞ்சுக்கொடி வெளியே வந்தவுடன் உன் சர்க்கரை இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை கர்ப்பத்தில் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். ஆகவே ஆறாவது வாரத்தில் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும், இம்முறை வெறும் வயிற்றோடு போக வேண்டும். நான் பார்த்தவரை பெண்கள் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனக்காக ஒரு முறை மருத்துவமனைக்குப் போக யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரம்தான். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள். ஊசி போட்ட குழந்தை அழும், இரண்டு மணி நேரம் நீ காத்திருக்க வேண்டும். ஆகையால் மாமியாரையும் கூட அழைத்துப் போ, ரத்தம் கொடுத்து முடித்தவுடன் நீ சாப்பிட ஒரு டப்பாவில் இட்லியும் எடுத்துக்கொள்.